கடற்கரைச் சந்தையில் ஒரு போணி

1

நாங்கள் சிங்கப்பூரில் வந்து இறங்கிய நாளை என் வீட்டுக்காரர் வருஷா வருஷம் கொண்டாடுவார். அன்று தலைக்குக் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, என்னையும் பிள்ளையையும் கப்பல் துறைக்குக் கூட்டிப்போய் நாங்கள் கால் வைத்த படிக்கட்டைக் காட்டுவார். “இங்கதான் நீ வாந்தி எடுத்தே” என்பார். கொண்டாட்டம் அவ்வளவுதான். பிறகு வீட்டுக்கு வந்து வடை, பாயசம். இத்தனை வருஷத்தில் அந்த இடத்தை மறக்க அவர் என்னை விட்டதே இல்லை.

இந்த வருஷம் அவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. துறைமுகக் கிடங்கில் மேஸ்திரி வேலை. பல தேசத்துப் பந்தாட்டக்காரர்கள் பந்தயம் ஆட வருகிறார்கள், வேடிக்கை பார்க்கிற கூட்டம் வேறு வருகிறது, கப்பல் மேல் கப்பலாக நிற்கிறது. மகன் தணிகாசலத்துக்கும் அந்தப் பந்தய விழா ஆபீசிலேயே வேலை. தமிழ்க்காரர்கள் பேசுவதை வெள்ளைக்கார அதிகாரிக்கு இங்கிலீஷில் சொல்லும் துபாஷி. ஆகவே நான் தனியாகப் போனேன். வாந்தி எடுத்தவள் நான்தானே, நானாவது போக வேண்டாமா?

போன இடத்தில் ஒன்று நடந்தது. அதை ஊர் ஜனங்களுக்குத்தான் எழுதத் தோன்றுகிறது. இங்கே யாரிடம் சொன்னாலும் முதலில் போணி என்றால் என்ன என்று விளக்க வேண்டியிருக்கிறது. விளக்கி முடிப்பதற்குள் எனக்கே அலுத்துப்போகிறது.

2

ஆறு கடலில் சேருகிற இடத்திலிருந்து கப்பல் துறை வரைக்கும் ஒரு வரிசை பழைய கிடங்குகள் உண்டு. மிளகும் ரப்பரும் அடுக்கி நாற்றம் பிடித்த கட்டடங்கள். பந்தயத்துக்காக அவற்றுக்கு வெள்ளையடித்து, கதவுகளுக்குப் பச்சை வர்ணம் பூசி, கலைச் சந்தை என்று பேர் வைத்துவிட்டார்கள். (சந்தை என்று எழுத உட்கார்ந்தால் என் கை தானாக ‘பாசார்’ என்று மலாயில் எழுதுகிறது. அடித்துவிட்டு எழுதுகிறேன். இந்த லட்சணத்தில் நான், தமிழை விட்டு இங்கிலீஷ் பேசுகிறான் என்று மகனைக் குறை சொல்ல வந்துவிட்டேன்!)

ஒரு கிடங்கில் படம் எழுதுகிறவர்கள். நாம் முன்னால் உட்கார்ந்தால் முகத்தை எழுதிக் கொடுப்பார்கள். அடுத்ததில் மலாய் நாடகம், அதற்கடுத்ததில் சீனர்களின் பொம்மலாட்டம், கடைசியில் ஜாவாக்காரர்களின் சாயத் துணி. வெளியே கடலைப் பார்த்தமாதிரி சின்னச் சின்னக் கடைகள். இறைச்சி சுடுகிற புகை ஒரு பக்கம், அன்னாசிப்பழ வாசனை ஒரு பக்கம். தலைக்கு மேல் கயிறு கட்டி எல்லாத் தேசத்துக் கொடிகளையும் தொங்கவிட்டிருந்தார்கள்.

நம் தேசத்து ஆட்டக்காரர்களும் வந்திருந்தார்கள். அவர்களுக்கென்று தனிக் கொடி இல்லை. வெள்ளைக்கார ராஜாவின் கொடியையே இன்னொரு தடவை கட்டியிருந்தார்கள். “இது இன்னா நியாயம்?” என்று பக்கத்தில் நின்ற ஒரு தமிழரிடம் கேட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சுருட்டு வாங்கப் போகிறவர் மாதிரி நகர்ந்துபோனார்.

3

கடைகளில் பூக்கடை ஒன்றே ஒன்று. அது என் தம்பி ஏழுமலையுடையது.

திருமழிசையில் எங்கள் அப்பாவுக்குப் பூந்தோட்டம். பூந்தமல்லி ராணுவ முகாமின் வாசலுக்கு எதிரே, நெடுஞ்சாலை ஓரத்தில் கடை. தோட்டத்துப் பூவில் பாதி மாட்டு வண்டியில் பட்டணத்துக்குப் போகும், மீதி கடைக்கு வரும். ஏழுமலை நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அந்தக் கடையில்தான் இருந்தான். சிங்கப்பூர் வந்து மூன்று வருஷம் ஆகியும் அவன் கை நாரை நனைத்துப் பூவைச் சேர்க்கிற வேகம் குறையவில்லை. இந்தச் சந்தையில் இந்தியக் கடை என்று இவனுக்கு இடம் கிடைத்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான்.

அவன் மனைவி செல்லம்மாவும் இரண்டு பெண்களும் காட்டுப்பாக்கத்தில் அவளுடைய தாய் வீட்டில் இருந்தார்கள். அவர்களை அழைத்துக்கொள்ள மனுப் போட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. முதல் தடவை, போட்டோவில் செல்லம்மா முக்காடு போட்டிருக்கிறாள் என்று திருப்பிவிட்டார்கள். முக்காட்டை எடுத்துப் போட்டோ பிடிக்க அவளைச் சம்மதிக்க வைக்கவே இரண்டு மாசம் ஆயிற்று. அடுத்த தடவை, கிராம முன்சீப் தமிழில் கையெழுத்துப் போட்டது செல்லாது என்றார்கள். தாலுகா ஆபீசுக்கு அலைந்தார்கள். கடைசியாக எல்லாம் சரியாகி, ஒன்றே ஒன்று பாக்கி நின்றது. ஏழுமலையின் பேர் இங்கே எந்தப் போலீஸ் வழக்கிலும் அடிபடவில்லை என்று முடிவாக வேண்டும். அடிபட்டால் மனு போயிற்று. அதோடு அவனையும் கப்பலேற்றித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டில்தான் அவனுக்குச் சாப்பாடு. தணிகாசலத்தை “மாப்ளே” என்றுதான் கூப்பிடுவான். திருமழிசையில் பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தானே உட்கார வைத்தோம்! அப்போது ஏழுமலைக்கே மீசை முளைக்கவில்லை. கம்பி காதில் ஏறியதும் பிள்ளை அவன் புது வேட்டியை நனைத்துவிட்டது. இந்தக் கதையை அவன் மாசத்துக்கு ஒரு தடவையாவது சொல்லுவான். தணிகாசலம் சிரித்துவைப்பான். அவன் காது ஓட்டை எப்போதோ தூர்ந்துவிட்டது. வீட்டில் நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லுகிறவன், மாமனிடம் மட்டும் ஒழுங்காகத் தமிழ் பேசுவான். அதனாலேயே எனக்கு ஞாயிற்றுக்கிழமை பிடிக்கும்.

4

நான் போனபோது காலை வெயில் இன்னும் ஏறவில்லை. ஏழுமலை கடையைப் பரப்பித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். ரோஜாவும் சம்பங்கியும் வைத்துக் கட்டிய பெரிய மாலை ஒன்று முன்னால் தொங்கியது.

“வா யக்கா. இன்னும் போணி ஆவல” என்றான்.

“நான் பண்றேன், ரெண்டு மொழம் குடு.”

“உங்கிட்ட காசு வாங்குவனா? கம்முனு குந்து. இன்னிக்கி பெரிய கூட்டம் வரும், பாத்துகினே இரு.”

அந்த இரண்டு முழத்தை அவன் எனக்கு விற்றிருக்கலாம். இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது.

அரை நிஜார் போட்ட ஆட்டக்காரர்கள் நாலைந்து பேர் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். எந்தத் தேசமோ தெரியவில்லை, வெள்ளைக்காரர்கள். அதில் செம்பட்டை முடிக்காரன் ஒருவன் கடைமுன் நின்றான். மாலையைக் கையில் எடுத்தான், முகர்ந்தான், கழுத்தில் போட்டுக்கொண்டான். கூட வந்தவன் போட்டோ பிடித்தான். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு மாலையைப் பத்திரமாகக் கழற்றி, இருந்த ஆணியிலேயே மாட்டி, ஏழுமலையின் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு நடந்தான். ஒரு இதழ்கூட உதிரவில்லை. அவன் கெட்ட பையன் இல்லை. படம் எழுதுகிற கிடங்கைப் பார்த்துவிட்டு வருகிறவன், இதுவும் தொட்டுப் பார்க்கிற காட்சிப் பொருள் என்று நினைத்திருப்பான்.

ஆனால் எங்களுக்கு அது எப்படி? ஒருத்தர் கழுத்தில் விழுந்த மாலையை இன்னொருத்தருக்கு விற்கமாட்டோம். சாமிக்கும் ஆகாது. அதுவும் போணிக்கு முன்னால், கடையில் முதல் கை வைத்தவன் வெறுங்கையோடு போனால் அன்றைக்கு வியாபாரம் உருப்பட்ட மாதிரிதான். காலணா கொடுத்தாலும் போதும், காசைக் கண்ணில் ஒற்றிப் பூவின் மேல் தட்டிக்கொண்டால் தீர்ந்தது. பூந்தமல்லி முகாமில் இருந்த வெள்ளைக்காரச் சோல்ஜர்களுக்கு இது தெரியும். புதிதாக வந்தவன் யாராவது பூவைத் தொட்டுவிட்டு நடந்தால் எங்கள் அப்பா அவன் சட்டையைப் பிடித்து நிறுத்துவார். கூட இருக்கிற பழைய சோல்ஜரே ஏதோ சொல்லிச் சிரிப்பான். புதியவன் ஒரு சல்லியைப் போட்டுவிட்டுப் போவான். நாங்கள் அதைப் பார்த்துத்தான் வளர்ந்தோம். வெள்ளைக்காரன் எவனாக இருந்தாலும் போணி தெரியும் என்பது என் தம்பியின் எண்ணம். உலகத்திலுள்ள வெள்ளைக்காரன் எல்லாம் பூந்தமல்லி வழியாக வந்தவன் மாதிரி!

“தொரே, தொரே! போணி பண்ணிட்டு போ தொரே!” என்று எழுந்து ஓடினான்.

செம்பட்டை முடிக்காரன் திரும்பிக் கையை ஆட்டினான்.

“ஒரு செண்டு காசு குடு, போதும். மாலயக்கூட நீயே எட்த்துக்கோ. போணி தொரே!”

அவன் நிஜாரில் பையே இல்லை. இரண்டு கையையும் விரித்துக் காட்டிச் சிரித்தான். ஏழுமலை அவன் சட்டை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். “வுட்றா!” என்று நான் கத்தினேன். அவன் விடவில்லை. கூட வந்தவன் ஒருவன் ஏழுமலையைப் பிடித்துத் தள்ள, பந்தய நம்பர் போட்ட சட்டை அக்குளிலிருந்து கிழிந்தது. பூத்தட்டு கவிழ்ந்தது. யாரோ விசில் ஊதினார்கள்.

வெளிதேசத்து விருந்தாளியைத் தாக்கி வழிப்பறி செய்யப் பார்த்தான் என்று போலீஸ்காரர்கள் என் தம்பியின் இரண்டு கையையும் பிடித்து இழுத்துப்போனார்கள்.

5

வரிசையின் கோடியில் இருந்தது விழா ஆபீஸ். நான் பின்னாலேயே ஓடி வாசலில் நின்றேன். உள்ளே ஓரமாகச் செம்பட்டை முடிக்காரனும் கூட வந்தவனும் நின்றார்கள். மேஜைக்குப் பின்னால் அதிகாரி. பக்கத்து நாற்காலியில் கோட்டும் டையுமாக என் மகன்.

அவனைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. நம் பிள்ளை இருக்கிறான், இனி என்ன பயம் என்று நினைத்தேன். ஏழுமலையின் முகமும் மலர்ந்ததைப் பார்த்தேன். “மா…” என்று வாயைத் திறந்தான்.

அதற்குள் அதிகாரி தணிகாசலத்திடம் இங்கிலீஷில் ஒன்று கேட்டார். எனக்குப் பேசத் தெரியாதே தவிர, கொஞ்சம் புரியும். இந்த ஆளை உனக்குத் தெரியுமா என்று கேட்டார். சொந்தக்காரனுக்குத் துபாஷி செய்யக் கூடாது என்பது அங்கே சட்டம். ஒவ்வொரு விசாரணைக்கு முன்னாலும் இதைக் கேட்பார்களாம்.

என் மகன் மேஜையைப் பார்த்துக்கொண்டு, “நோ, சார்” என்றான்.

பிறகு ஏழுமலையின் பக்கம் திரும்பி, வாத்தியார் பையனைக் கேட்கிற குரலில், “உன் பெயர் என்ன?” என்று கேட்டான்.

ஏழுமலைக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்துத் தெரியாது. ஆனால் அவனுக்கு விளங்கிவிட்டது. கொஞ்ச நேரம் என் மகனையே பார்த்தான். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டான்.

“ஏழுமலைங்க, சார்.”

 நான் ஏதோ சொல்ல ஓரடி உள்ளே வைத்தேன். அதிகாரி என்னைப் பார்த்துவிட்டார். அந்தப் பெண் யார் என்று கேட்டார். தணிகாசலம் அதைத் தமிழில் கேட்டான். கேட்கும்போது என் பக்கம் அவன் திரும்பவில்லை.

“தெரியாதுங்க சார்” என்றான் என் தம்பி. “பூ வாங்க வந்த அம்மா.”

பூ வாங்க வந்தவள் என்று என் மகன் இங்கிலீஷில் சொன்னான். நான் வாசல் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒருவன் நான் பெற்றவன், ஒருவன் நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். இரண்டு பேருக்கும் நான் அந்த அறையில் யாரோ.

பிறகு விசாரணை நடந்தது. “போணி ஆவலைங்க சார். தொரை மாலய போட்டுகினு கழட்டி வெச்சுட்டாரு. அத்த நான் யாருக்கு விக்கறது? பிச்சை கேக்கல, அடிக்கல. போணிக்கு ஒரு செண்டு காசு கேட்டேன்” என்றான் ஏழுமலை. அந்த நாலு வார்த்தையைத் தணிகாசலம் இங்கிலீஷில் வெகுநேரம் சொன்னான். முதல் கை, நாள் முழுக்க வியாபாரம், ஆசீர்வாதம் மாதிரி என்றெல்லாம் காதில் விழுந்தது. நன்றாகத்தான் சொன்னான். திருமழிசையில் பிறந்தவனாகவே சொன்னான். சொல்லச் சொல்ல அதிகாரியின் முகம் தளர்ந்தது. செம்பட்டை முடிக்காரன் தலையைச் சொறிந்தான். கடைசியில் அவனே சிரித்து, கூட வந்தவனிடம் ஒரு காசு வாங்கி மேஜை மேல் வைத்தான்.

வழக்கு இல்லை, எச்சரிக்கை மட்டும், ஆனால் கடையை இன்றே காலி செய்ய வேண்டும் என்று அதிகாரி தீர்ப்புச் சொன்னார். தணிகாசலம் அதைத் தமிழில் சொல்லி முடித்து, “போகலாம்” என்றான்.

ஏழுமலை காசை எடுத்துக்கொண்டான். கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை.

6

அன்று சாயங்காலம் என் மகன் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்காரும்போதே பிடித்துக்கொண்டேன். “மாமாவ தெரியாதுன்னு சொல்ல உனக்கு எப்புட்றா வாய் வந்துது?”

“தெரியும்னு சொல்லியிருந்தா என்னை அப்பவே எழுப்பி வெளியே அனுப்பியிருப்பாங்க அம்மா. எனக்குப் பதிலா ஒரு மலாய்க்காரன் வந்திருப்பான். அவனுக்கு போணி பத்தி என்ன தெரியும்? மாமா இந்நேரம் லாக்கப்ல இருப்பார். மனுவும் போயிருக்கும்.”

“உன் வேலையும் போயிருக்கும். அத்தயும் சொல்லு.”

“ஆமா. அதுவும்தான்” என்றான். மழுப்பாமல் சொன்னது எனக்குக் கொஞ்சம் பிடித்தது. கொஞ்சம் இன்னும் கோபம் வந்தது.

“சரி, மாமன் வெளிய வரும்போது கண்ணாலயாச்சும் ஒரு பார்வ பாத்திருக்கலாம் இல்ல?”

அவன் சாப்பாட்டுத் தட்டில் ஸ்பூனை வைத்துவிட்டுக் கை கழுவப் போனான். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. என் வீட்டுக்காரரைக் கேட்டால், “பையன் சொல்றதும் சரிதான், நீ சொல்றதும் சரிதான்” என்கிறார். கிடங்கு மேஸ்திரி வேலைக்கு ஏற்ற புத்தி, எந்த மூட்டையும் கீழே விழக்கூடாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏழுமலை வரவில்லை. அடுத்த ஞாயிறு வந்தான். வழக்கமாக நேரே அடுப்பங்கரைக்கு வந்து பாத்திரத்தைத் திறந்து பார்க்கிறவன், கதவோரமாகவே உட்கார்ந்தான். தணிகாசலம் அறையிலிருந்து வந்து, “வாங்க மாமா” என்றான்.

ஏழுமலை சட்டென்று எழுந்து நின்றான். “நல்லா கீறீங்களா சார்?”

நான் கேலி என்று நினைத்துப் பலமாகச் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

சாப்பிட்டு முடித்த பிறகு அவனைத் தனியாகக் கூப்பிட்டேன். “ஏண்டா, அவன் கண்ணுல தண்ணி வர வெக்கணும்னே சார்னு கூப்பிடறியா?”

“ஐய, இல்ல யக்கா” என்றான். “அவன்தான் என்ன வெளிய இட்டாந்தான். இல்லன்னா நான் எங்க கீறேன்? அது எனுக்கு தெரியும். அவன் மேல ஒரு கோவமும் இல்ல.”

“அப்பறம் இன்னா?”

“மாப்ளேன்னு வாய் வர மாட்டேங்குது. அன்னிக்கி வாய் வரிக்கும் வந்துச்சு இல்ல, முழுங்கிட்டேன். அப்பால வரல. நான் இன்னா செய்ய சொல்லு?”

 இரண்டு பேரையும் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு வாய் சோறு ஊட்டிச் சரிசெய்கிற வயசு இருவருக்குமே கடந்துவிட்டது. ஊரிலானால் பங்காளிகள் நாலு பேர் வந்து, கத்தி, திட்டி, ஒருவன் கையை இழுத்து இன்னொருவன் கையில் வைத்திருப்பார்கள். இங்கே அந்த நாலு பேருக்கு எங்கே போக? வாரம் முழுக்க எனக்கு இதுவே நினைப்பாக இருந்தது. சோற்றை இரண்டு தடவை அடிபிடிக்க விட்டேன்.

7

மனு மஞ்சூராகி, குடும்பத்தை அழைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. கடைசி வாரங்களில் ஆபீசு ஆபீசாக ஏறி இறங்கி, இங்கிலீஷில் எழுதிக் கொடுத்து, அதை முடித்ததும் தணிகாசலம்தான். மாமனிடம் அவன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன்.

சென்ற வாரம் மதராஸ் கப்பல் வந்தது. கொடிகளை எல்லாம் எடுத்துவிட்டிருந்தார்கள். கிடங்குகளில் மறுபடி ரப்பர் நாற்றம். என் வீட்டுக்காரர், தணிகாசலம், நான், ஏழுமலை நாலு பேரும் துறையில் நின்றோம். தணிகாசலம் ஆபீசுக்கு லீவு போட்டிருந்தான். கோட்டு இல்லை, டை இல்லை. பெண்களுக்கென்று ஒரு டப்பா பிஸ்கோத்து வாங்கி வந்திருந்தான்.

செல்லம்மா படியில் தள்ளாடிக்கொண்டு இறங்கினாள். பின்னாலேயே இரண்டு பெண்கள். மூன்று வருஷத்தில் பெரியவள் வளர்ந்துவிட்டாள். சின்னவளுக்கு அப்பன் முகமே மறந்திருக்கும் என்று பயந்தோம், அவள்தான் முதலில் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். ஏழுமலை அழுதான். நானும் அழுதேன். என் வீட்டுக்காரர் செல்லம்மாவைப் பார்த்து, “வாந்தி எடுத்தியாம்மா?” என்று கேட்டார்.

தணிகாசலம் பெண்களுக்கு எதிரே குனிந்து டப்பாவை நீட்டினான். சின்னவள் வாங்காமல் அப்பனைப் பார்த்தாள்.

“நைனா, இது யாரு?”

அவள் கேட்டதும் தணிகாசலம் குனிந்தபடியே ஏழுமலையை நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் சிரிப்பு இருந்தது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவன் லீவு போட்டு வந்திருந்தான் என்று எனக்கு அப்போது தெரிந்தது. அத்தை மகன் என்று சொன்னால் போதும். சொல்லுடா, சொல்லுடா என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன்.

ஏழுமலை வாயைத் திறந்தான். மூடினான். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“ஆபீசு சாரு” என்றான். “நம்ம மனுவெல்லாம் இவருதான் எழுதி குட்த்தாரு. ரெண்டு பேரும் கும்புடு சொல்லுங்க.”

செல்லம்மா குழம்பிப்போய் என் முகத்தைப் பார்த்தாள். நான் பெட்டியைத் தூக்கக் குனிந்துகொண்டேன்.

“கும்புடறேங்க சார்” என்றார்கள் இரண்டு பெண்களும்.

என் மகன் நிமிர்ந்து நின்றான். பிஸ்கோத்து டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் சேர்த்து, அந்தக் குழந்தைகளுக்குக் கும்பிடு சொன்னான்.